தனபாக்கியத்தைத் திருத்தின கதை

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க, மடியில வச்சிருக்கிற குழாய் நசுங்கிடும். வெறும் அட்டைக்குழாய்தானேன்னு பாக்காதீங்க. உள்ள படம் இருக்கு. என்னோட ரெண்டு மாச உழைப்பு இருக்கு. குடுக்கப்போன இடத்துல வேணாம்னுட்டாங்க, திருப்பித் தூக்கிட்டு வர்றேன்.

பஸ் இப்போதைக்கு நகராது. நீடாமங்கலத்துல ரயில்வே கேட்டு போட்டுட்டான்னா இங்கேயே குடும்பம் நடத்த வேண்டியதுதான். அந்த ஜன்னலை மட்டும் சாத்திடுங்களேன். ஒருத்தன் வெத்தலையைத் துப்புறான் பாருங்க, நிறுத்தி வச்சிருக்கிற சைக்கிள் மேலேயே. சீ. இந்தக் கருமம் எனக்கு ஆகவே ஆகாது.

நீங்களும் தஞ்சாவூர்தானா? நல்லதாப் போச்சு. என் பேரு வேதரத்தினம். ஓவியக் கல்லூரியில வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன். ஓவியம்னதும் சாமி படம், காலண்டர்னு நினைச்சிராதீங்க. நான் சொல்லிக் குடுத்தது எச்சிங். கேள்விப்பட்டதில்லையா? யாருதான் கேள்விப்பட்டிருக்கா. துத்தநாகத் தகட்டு மேல மெழுகு பூசி, ஊசியால படத்தைக் கீறி, ஆசிட்ல போடணும். கீறின இடத்தை மட்டும் ஆசிட் அரிச்சுப் பள்ளமாக்கும். பள்ளத்துல மையைத் தேச்சு, மேல ஈரக் காகிதத்தை வச்சு, உருளை மிஷின்ல அழுத்தி எடுத்தா படம். ஒரே ஒரு விஷயம். தகட்டுல இடப்பக்கம் இருக்கிறது காகிதத்துல வலப்பக்கம் வரும். ரப்பர் ஸ்டாம்பு மாதிரி. அதனால கீறும்போதே பக்கத்தை மாத்திக் கீறணும். முதல் வருஷப் பசங்களுக்கு முதல் பாடமே இதுதான்.

அந்த முதல் பாடம் மண்டையில ஏறாமலே ஒருத்தன் முப்பது வருஷம் என்கூட வாத்தியாரா இருந்தான். சூசைராஜ்னு பேரு. நானும் அவனும் ஒண்ணாப் படிச்சோம், ஒண்ணா வேலைக்குச் சேந்தோம், எதிரெதிர் மேஜை. நல்லவன்தான். நான் இல்லேங்கலை. ஆனா சுத்தம்னு ஒண்ணு கிடையாது. மைக் கையோடவே சோத்துப் பொட்டலத்தைப் பிரிப்பான். தகட்டைத் துடைச்ச துணியாலேயே மூஞ்சியையும் துடைச்சுக்குவான். டீ கிளாஸ்ல தூரிகையை முக்கிட்டு, அப்புறம் அதே கிளாஸ்ல டீயும் வாங்கிக் குடிப்பான். எதிர்ல உக்காந்து நான் எப்படிச் சாப்பிட்டிருப்பேன்னு நினைச்சுப் பாருங்க.

அவன் போட்டதெல்லாம் மூஞ்சிதான். காலேஜ்ல சுத்திக்கிட்டிருந்தவங்க மூஞ்சி. வாட்ச்மேன் ராமையா, கேன்டீன் அம்மா, வாசல்ல இஸ்திரி போடுறவர், இப்படி. பெரிய மனுஷங்க யாரும் கிடையாது. முன்னாடி உக்கார வச்சுக்கிட்டு, பேசிக்கிட்டே, நேராத் தகட்டுலேயே கீறுவான். பாத்தது பாத்தபடி. மாத்திக் கீறமாட்டான். அப்ப அச்சு எடுத்தா என்ன ஆகும்? அத்தனையும் பக்கம் மாறிப்போய் வரும். சட்டைப் பை வலது நெஞ்சுல இருக்கும். கேன்டீன் அம்மாவுக்கு மாராப்பு வலது தோள்ல ஏறிக்கும், சேட்டு வீட்டு அம்மா மாதிரி. எனக்குப் பாக்கவே கூசும்.

ஒருநாள் கேட்டுட்டேன். "ஏன்டா சூசை, உனக்கு வெக்கமா இல்லையா? பசங்க பாக்குறாங்கடா"ன்னு.

அதுக்கு அவன் சொன்னது கேளுங்க. "வேதா, அவங்கவங்க மூஞ்சியை அவங்கவங்க எங்கடா பாத்திருக்காங்க? கண்ணாடியிலதானே? நான் படத்தை அவங்களுக்குத்தானே குடுக்கிறேன்?"

சால்ஜாப்பு! மாத்திக் கீற சோம்பேறித்தனம், அதுக்கு ஒரு தத்துவம். ராமையாவுக்கு மாறுகண்ணு. அந்த ஆளு தன் படத்தை வாங்கிப் பாத்துட்டு, "நானேதான் சார், நானேதான்"னு குதிக்கிறான். அவன் பொண்டாட்டி எட்டிப் பாத்துட்டு, "என்னமோ ஒரு மாதிரி இருக்கே"ங்குது. பாத்தீங்களா? அந்தம்மாவுக்குத் தெரியுது தப்பு இருக்குன்னு. நான் சொன்னா பொறாமைம்பாங்க.

பொறாமை எனக்கெதுக்கு தம்பி? என் படங்களுக்கு ஸ்டேட் பரிசு வந்திருக்கு. கோபுரம், தேரு, மண்டபத் தூண் இதெல்லாம்தான் நான் போட்டது. கோடு ஒவ்வொண்ணும் ஸ்கேல் வச்ச மாதிரி நிக்கும். மனுஷ மூஞ்சி எனக்கு ஒத்துவராது. அதுல எல்லாமே கோணலா இருக்கும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். தனபாக்கியம்னு ஒரு அம்மா. காலேஜ்ல மாடலா இருந்துச்சு. மாடல்னா நீங்க நினைக்கிற மாதிரி இல்லை. பசங்க பாத்து வரையறதுக்காக ஸ்டூல் மேல அசையாம உக்காரணும். காலையில உக்காந்தா மத்தியானம் வரைக்கும். வாயில வெத்தலையையும் புகையிலையையும் அதக்கிக்கும். வலது கன்னம் எப்பப் பாரு எலுமிச்சம்பழம் வச்ச மாதிரி உப்பிக்கிட்டு இருக்கும். மணி அடிச்சதும் ஜன்னலுக்கு வெளிய ஒரு துப்பு. அந்தச் சுவரே செவந்துபோய்க் கிடக்கும். நான் எத்தனையோ தடவை பிரின்சிபால்கிட்ட சொன்னேன். "பொம்பளை அசையாம உக்காருதே வேதரத்தினம், அது போதாதா"ன்னுட்டாரு.

ஃபோட்டோ மட்டும் எடுக்க விடாது. ஊர்ல இருக்கிற சொந்தக்காரங்ககிட்ட, காலேஜ்ல கூட்டிப் பெருக்குற வேலைன்னு சொல்லி வச்சிருந்துச்சு. ஃபோட்டோவுல பாத்தா கண்டுபிடிச்சிருவாங்கன்னு பயம். பசங்க வரையறதைப் பத்தி அதுக்குக் கவலையே இல்லை. "இதுங்க வரைஞ்சதைப் பாத்து என்னைப் பெத்தவளே கண்டுபிடிக்க மாட்டா"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லும். வாய் கொஞ்சம் நீளம்தான். சூசை போட்டதுல மட்டும் அச்சு அசலா வந்துருச்சுன்னு அதுக்கு ஒரு பெருமை. ஒண்ணு வாங்கிட்டுப் போய்ப் பெட்டி அடியில வச்சிருந்துச்சு. கஜா புயல்ல வீட்டுக் கூரையோட அதுவும் போச்சு. சூசை தனக்குன்னு வச்சிருந்ததைக் கரையான் தின்னுடுச்சு. கண்காட்சிக்கு வெளியூர் அனுப்பினது திரும்பியே வரலை. மிச்சம் தகடு ஒண்ணுதான்.

அந்தத் தகடு மட்டுமில்லை, சூசையோட தகடு எல்லாமே என்கிட்டதான் இருக்கு. சூசைக்குச் சர்க்கரை. கண்ணு ரெண்டும் போயிடுச்சு. இப்ப திண்டுக்கல்ல மக வீட்டுல இருக்கான். போகும்போது ஒரு ட்ரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து என் வீட்டுல இறக்கிட்டு, "நீ வச்சிரு வேதா, உன்கிட்டதான் மிஷின் இருக்கு"ன்னான். என் வீட்டு ஷெட்ல சின்னதா ஒரு அச்சு மிஷின் வச்சிருக்கேன்.

ரெண்டு மாசம் முன்னாடி ஃபோன் பண்றான். தனபாக்கியத்துக்கு வாயில புத்துநோயாம். வலது பக்கத் தாடையையே எடுத்துட்டாங்களாம். ரொம்ப நாள் தாங்காதாம். அந்தம்மா ஒண்ணே ஒண்ணு கேக்குதாம். "நான் போனதுக்கப்புறம் இந்த மூஞ்சியை வச்சுக் கும்பிடாதீங்க. என் பழைய மூஞ்சி சூசை சார்கிட்ட இருக்கு, அதை வாங்கிட்டு வந்து மாட்டுங்க. நான் கண்ணால பாத்துட்டுப் போறேன்"னு சொல்லுதாம். ஆதார் கார்டுல இருக்கேன்னு கேப்பீங்க. அதுல யாருக்கு மூஞ்சி மூஞ்சியா இருக்கு தம்பி?

"ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுத்துருடா. மை மட்டும் போடு. வேற ஒண்ணும் தொடாதே"ங்கிறான் சூசை.

எனக்குச் சொல்றான் பாருங்க! மையை எப்படிப் போடணும்னு தெரியாதவனா நான்? "சரிடா"ன்னு வச்சேன்.

தகட்டை எடுத்து, மண்ணெண்ணெய் விட்டுத் துடைச்சு, ஒரு ட்ரையல் எடுத்தேன். காகிதத்தை உரிச்சுப் பாத்தேன். தம்பி, சொன்னா நம்பமாட்டீங்க. இருபது வருஷத்துக்கு முன்னாடி பாத்த அதே மூஞ்சி. கன்னத்துல அதே வெத்தலை. வாய் லேசாத் திறந்து, காவி ஏறின பல்லு தெரியுது. ஒரு கண்ணு பாதி சொருகியிருக்கு. மூக்குத்தி இடது பக்கம். நம்ம ஊர்ப் பொம்பளை எவளாவது ஒத்தை மூக்குத்தியை இடது பக்கம் குத்துவாளா? மேல் உதட்டு மச்சம் பக்கம் மாறி நிக்குது. மாராப்பு வலது தோள்ல. எச்சில் ஒழுகப்போற மாதிரியே இருக்கு. இதையா மாலை போட்டு மாட்டுறது? செத்தவங்க மூஞ்சி பாக்க லட்சணமா இருக்க வேண்டாமா? நாலு பேரு வந்து கும்பிட வேண்டாமா?

பழக்க தோஷம், சிவப்புப் பேனாவை எடுத்தேன். பசங்க நோட்டுல போடுற மாதிரி அந்த ட்ரையல்லேயே குறிச்சேன். மூக்குத்தி, இடம் மாற்று. மச்சம், இந்தப் பக்கம். கண், திற. கன்னத்தைச் சுத்தி ஒரு வட்டம் போட்டு, எடு. வாய், மூடு. அடியில "கவனக்குறைவு"ன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அது தன்னால வந்துருச்சு.

அப்புறம் உக்காந்தேன். ஏனோதானோன்னு செய்யலை தம்பி. தகட்டுல ஒரு கோட்டை அழிக்கிறது லேசுல்ல. பேப்பர்ல ரப்பர் போடுற மாதிரி கிடையாது. சுரண்டியை வச்சு அந்தப் பள்ளத்தோட ஆழத்துக்குச் சுத்தி இருக்கிற உலோகத்தையே சுரண்டணும். சுரண்டின இடம் குழியாயிடும். பின்பக்கம் சுத்தியலால மெதுவாத் தட்டி மேல எழுப்பணும். எண்ணெய் விட்டு மெருகுக் கம்பியால தேய்க்கணும், கண்ணாடி மாதிரி ஆகுற வரைக்கும். அதுக்கப்புறம்தான் புதுக் கோடு. சூசை இருக்கானே, வெறி பிடிச்ச மாதிரி ஆழமா அரிக்க விட்டிருக்கான். அந்தக் கன்னம் இருக்கே, அதைச் சமன் பண்றதுக்குள்ள என் தோள்பட்டையே போயிடுச்சு. எடுத்துட்டேன். சுத்தமா எடுத்துட்டேன். ரெண்டு கன்னமும் இப்ப ஒண்ணு போல இருக்கு.

திண்டுக்கல்லேருந்து ஃபோன் வந்துக்கிட்டே இருக்கும். "ஒரு பிரிண்ட் எடுக்க இவ்வளவு நாளா வேதா? அந்தம்மா இருக்கும்போதே குடுக்கணும்டா." காகிதம் வரலைன்னேன். மிஷின் உருளைக்கு அடியில போடுற கம்பளி கிழிஞ்சுபோச்சுன்னேன். நல்ல வேலை நடக்கும்போது அவசரப்படுத்தினா எனக்குப் பிடிக்காது.

முடிச்சுட்டு என் சம்சாரத்துகிட்ட காட்டினேன். "நல்லா இருக்கே! யாருங்க இது, நம்ம பேங்க் மேனேஜரம்மா மாதிரி இருக்கு"ன்னா. அவ சாமானியத்துல எதையும் நல்லா இருக்குன்னு சொல்ற ஆள் இல்லை.

இருங்க, காட்டுறேன். கையை மட்டும் துடைச்சுக்குங்க, கடலை தின்னீங்க. ம், ஓரத்தை மட்டும் பிடிங்க. எப்படி இருக்கு? அந்தக் கண்ணைப் பாருங்க. மாராப்பு மடிப்பைப் பாருங்க, ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாத் தெரியுதா? என்னது? உங்க சின்ன அத்தை மாதிரி இருக்காங்களா? அதான் தம்பி! யாரு பாத்தாலும் தெரிஞ்ச மூஞ்சியாத் தெரியுதுன்னா அதுதான் கலை. உங்களுக்குத் தெரியுது. அங்க தெரியலையே.

குடுங்க, சுருட்டி வச்சிடுறேன்.

இன்னிக்குக் காலையில கிளம்பிப் போனேன். மன்னார்குடி தாண்டி உள்ள போகணும். படத்து மை இன்னும் சரியாக் காயலை, குழாய்ல ஒட்டிக்கக் கூடாதுன்னு மேல ஒரு தாளைச் சுத்திக்கிட்டேன். வீட்டுல கெட்டிக் காகிதமா வேற ஒண்ணும் அகப்படலை. அந்தப் பழைய ட்ரையல்தான் கிடந்துச்சு. அதையே சுத்தினேன்.

அந்தம்மா தன்னோட தம்பி மகன் வீட்டுலதான் இருக்கு. அவன் பொண்டாட்டி அம்சான்னு ஒரு பொண்ணு, அதுதான் பாத்துக்குது. உள்ள நுழைஞ்சதும் ஒரு வாடை. புண்ணு வாடையும் டெட்டாலும் கலந்து. எனக்கு அப்படியே திரும்பிடலாம்னு இருந்துச்சு. கட்டில்ல உக்காந்திருந்துச்சு அந்தம்மா. மூஞ்சியில பாதிக்குத் துண்டு. துண்டு ஈரமா இருந்துச்சு. நான் சுவத்தைப் பாத்துக்கிட்டேதான் பேசினேன். பாவம்தான், இல்லேங்கலை. ஆனா பாக்க முடியணுமே.

"வாங்க வேதா சார்"னு சொல்லுச்சு. சொன்னது அதுதான்னு அம்சா எடுத்துச் சொன்ன பிறகுதான் புரிஞ்சுது. பேச்சு குழறுது. மோர் குடுத்தாங்க. எப்படிக் குடிக்கிறது? கையில வச்சிருந்துட்டு மெதுவாக் கீழ வச்சேன். அந்தம்மா அதைப் பாத்துச்சு.

படத்தை எடுத்து, சுத்தியிருந்த தாளைக் கட்டில் ஓரமாப் போட்டுட்டு, ரெண்டு கையாலயும் பிடிச்சு விரிச்சுக் காட்டினேன். நான் எதிர்பாத்தது என்னன்னு மறைக்காமலே சொல்றேன். அழும்னு எதிர்பாத்தேன். கையைப் பிடிச்சுக்கும்னுகூட எதிர்பாத்தேன், அதுக்கு வேற பயந்துக்கிட்டிருந்தேன்.

பாத்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு. அம்சாவைப் பாத்துச்சு. அப்புறம் என்னமோ கேட்டுச்சு.

அம்சா என்கிட்ட தயங்கித் தயங்கிச் சொல்லுது, "லட்சணமா இருக்காங்களாம் சார். யாரு வீட்டு அம்மான்னு கேக்குறாங்க."

எப்படி இருக்கும் எனக்கு? "நீதான்மா"ன்னேன். "தனபாக்கியம், இது நீதான். நல்லாப் பாரு. மூக்குத்தி பாரு, மச்சம் பாரு, எல்லாம் இருக்க வேண்டிய இடத்துல இருக்கு."

மறுபடி பாத்துச்சு. தலையை ஆட்டுச்சு. ஆமாங்கிற ஆட்டல் இல்லை. கையை நீட்டி அந்தப் படத்தை மெதுவாத் தள்ளுச்சு, சாப்பாடு வேணாம்னா இலையைத் தள்ளுவாங்களே, அப்படி. கண்ணுல தண்ணி நிறைஞ்சுபோச்சு. "என்னை வரையறதுல நீங்களும் அந்தப் பசங்க மாதிரிதானா சார்"னு சொல்லுதாம். முதல் வருஷப் பசங்க! ஸ்டேட் பரிசு வாங்கினவனைப் பாத்து.

சரி, நோயாளி, போகட்டும்னு சுருட்டலாம்னு அந்தத் தாளைத் தேடுறேன். அது கட்டில் மேல விரிஞ்சு கிடக்கு. அந்தம்மா அதையே பாத்துக்கிட்டிருக்கு. குனிஞ்சு, கிட்டக்கப் போய்ப் பாக்குது. விரலால தொடுது. கன்னத்தைத் தொடுது, மூக்கைத் தொடுது. அப்புறம் ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க. என்ன சத்தம்னே சொல்லத் தெரியலை.

"நான்!" அது எனக்கே புரிஞ்சுது. அம்சா எடுத்துச் சொல்லலை. "அம்சா, நான்டி! கண்ணாடியில பாப்பேனே, அப்படியே நான்!"

"அம்மா, அது வேஸ்ட்டுத் தாளு. தப்பு எல்லாம் குறிச்சு வச்சது. மேல பூராக் கிறுக்கியிருக்கு பாரு"ன்னேன்.

"என்ன எழுதியிருக்குடி, படி"ன்னுச்சு.

அந்தப் பொண்ணு படிக்குது. பள்ளிக்கூடத்துல படிக்கிற மாதிரி சத்தமா, நிறுத்தி நிறுத்தி. "மூக்குத்தி, இடம் மாற்று. கண், திற. வாய், மூடு. கன்னம்..." அங்க வந்ததும் நிறுத்திடுச்சு. "படிடி"ன்னுச்சு அந்தம்மா. "கன்னம், எடு."

சிரிச்சுச்சு தம்பி. அந்த வாயை வச்சுக்கிட்டு சிரிச்சுச்சு. துண்டு நழுவிடுச்சு. நான் பாக்க வேண்டாம்னுதான் இருந்தேன், பாத்துட்டேன். அதை விடுங்க. ராத்திரி சோறு இறங்காது எனக்கு.

"ஆஸ்பத்திரியிலயும் இதே மாதிரிதான் சார், எடுக்கிறதுக்கு முன்னாடி பேனாவால வட்டம் போட்டாங்க"ன்னு சொல்லுச்சு. "அதே இடம்"னுச்சு. அப்புறம் அடியில என்னன்னு கேட்டுச்சு. "கவனக்குறைவு"ன்னு படிச்சுச்சு அந்தப் பொண்ணு. "முப்பது வருசம் ஒரு ஈ உக்காந்தாக்கூட அசையாம இருந்திருக்கேன். என்னையா சார் சொல்றீங்க"ன்னு கேக்குது. எப்படிப்பட்ட வாய் பாருங்க. பாதி போயும் அடங்கலை.

"குடும்மா அதை, நல்லதா வேற ஒண்ணு எடுத்துட்டு வர்றேன்"னு கையை நீட்டினேன். சொன்ன பிறகுதான் தோணுச்சு, எங்கேருந்து எடுக்கிறது? தகட்டுல அந்த மூஞ்சி இப்ப இல்லையே. சுரண்டினது சுரண்டினதுதான். உலகத்துலேயே அந்த ஒரு தாள்தான். அதுலயும் என் சிவப்பு மை. பால்பாயிண்ட், எதைப் போட்டாலும் போகாது.

அந்தம்மா குடுக்கவும் இல்லை. நெஞ்சோட வச்சுக்கிச்சு. "கிறுக்கல் கிடக்கட்டும் சார். எது எங்க இருந்துச்சுன்னு இதுலதான் இருக்கு"ன்னுச்சு. ஃப்ரேம் போட்டு மாட்டச் சொல்லிடுச்சு, இன்னிக்கே. அம்சா அளவு எடுக்குது. யோசிச்சுப் பாருங்க. நாளைக்கு அந்தம்மா போயிடும். அந்தப் படத்துக்குத்தான் மாலை. துக்கத்துக்கு வர்ற ஊரு பூராவும் கிட்டக்க வந்து நின்னு படிக்கும். வாய், மூடு. கன்னம், எடு. கவனக்குறைவு. கீழ வேதரத்தினம்னு கையெழுத்து. நான் உக்காந்து உக்காந்து செஞ்ச வேலை இந்தக் குழாய்ல கிடக்கு. தூக்கிப்போட வேண்டிய தாள் சாமி மாதிரி சுவத்துல தொங்கப்போகுது.

கேட்டு திறந்துட்டான்போல. சாத்தின ஜன்னல் சாத்தினபடியே இருக்கட்டும் தம்பி, புழுதி வரும்.

அதோட விட்டாங்களா? சூசைக்கு ஃபோன் போடுன்னுச்சு. அம்சா போட்டு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி வச்சுது. போச்சுடா, கண்ணு போனவன்கிட்ட வத்திவைக்கப் போறாங்கன்னு நான் எழுந்து நின்னுட்டேன். அந்தம்மா ஃபோன்கிட்ட வாயைக் கொண்டுபோய், என்னையே பாத்துக்கிட்டு, மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா நிறுத்திச் சொல்லுச்சு. "வந்துருச்சு சார். நீங்க போட்டது போட்டபடி இருக்கு. ஒரு கோடு மாறலை."

சூசை, "வேதா பக்கத்துல இருக்கானா"ன்னான்.

"இருக்கேன்டா."

"மன்னிச்சுக்கடா வேதா. நாள் ஆக ஆக, உன்னை நினைச்சுப் பயந்துக்கிட்டே இருந்தேன். நீ கை வைக்காம இருக்கமாட்டேன்னு நினைச்சுட்டேன். தப்பா நினைச்சுட்டேன்டா." அழுறான் தம்பி. ஃபோன்ல அழுறான், கிழட்டுப் பய.

நான் என்ன சொல்வேன்? "கை வச்சேன்டா, உன்னோடதைவிட நல்லாப் பண்ணியிருக்கேன்டா"ன்னு சொல்லத்தான் நாக்கு துடிச்சுது. அந்தம்மா அந்தப் பாதி மூஞ்சியோட என்னையே பாத்துக்கிட்டிருக்கு. இத்தனை நாள் உழைச்சவன் உழைக்கலைன்னு பேரு வாங்கி, அதுக்கு நன்றியும் வாங்கிக்கிட்டு நிக்கிறேன். இதைவிடக் கேவலம் உண்டா?

"மத்தவங்களுக்கும் ஒண்ணொண்ணு எடுத்துக் குடுத்துருடா"ங்கிறான். "ராமையா செத்துட்டானாம், வீட்டுல இருந்த படம் செல்லரிச்சுப் போச்சுன்னு மகன் கேட்டுக்கிட்டே இருக்கான். கேன்டீன் அம்மாவுக்கும் ஒண்ணு. உன்னை விட்டா யாரை நம்பறது? எனக்குத்தான் இனிமே ஒரு மூஞ்சியும் தெரியாதே."

"சரிடா"ன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன்.

அதெல்லாம் ஏற்கெனவே முடிச்சாச்சு தம்பி. தனபாக்கியம் தகட்டுல கை நல்லா ஓடுச்சு, அந்தச் சூட்டோட ட்ரங்குப் பெட்டியில இருந்த மத்ததையும் எடுத்து வச்சு வரிசையாச் சரி பண்ணிட்டேன். ராமையா கண்ணு ரெண்டும் இப்ப நேராப் பாக்குது. அதுக்கெல்லாம் ட்ரையல்கூட எடுக்கலை. என்ன தப்பு இருக்கும்னுதான் முன்னாடியே தெரியுமே, எதுக்கு ஒரு நல்ல காகிதத்தை வீணாக்கணும்?